லீஃப்: இறங்கினால் கூடுகிறது, ஏறினால் காணாமல் போகிறது – பேட்டரி போய்விட்டதா?

மேட்டுவீடு:
மொரீஷியஸில் வீடு மேட்டிலுள்ள கியூர்பிப், வேலை கீழே கடலோர போர்ட் லூயிஸ். வண்டி ஜப்பானிலிருந்து வந்த 2014 நிசான் லீஃப் மின்சாரக் கார், 24 யூனிட் (kWh) பேட்டரி. பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் ஓரத்துக் கோடுகள் 12இல் 9தான் மிச்சம். காலையில் சார்ஜ் 80%, இன்னும் 68 கி.மீ. ஓடும் என்று காட்டும். எம்1 நெடுஞ்சாலை வழியாக 20 கி.மீ. இறங்கியதும் 71%, ஆனால் 84 கி.மீ.! மாலை வீடு வரும்போது 32%, 24 கி.மீ. அறுபது எங்கே போனது? இன்னொன்று, சார்ஜ் குறைவாகக் கிளம்பிய நாட்களில் ஏற்றத்தில் 18%இலிருந்து திடீரென 11க்கு விழுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள்.

வயர்மேன்_ரோஸ்ஹில்:
இரண்டும் வேறு வேறு கதை. முதலாவது கோளாறே இல்லை.

கி.மீ. எண் எதையும் அளப்பதில்லை. மிச்சமுள்ள யூனிட்டைச் சற்றுமுன் ஓடிய சராசரிச் செலவால் வகுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. கணக்குப் போடுவோம்: வண்டியும் ஆட்களும் 1700 கிலோ, ஏற்றம் சுமார் 550 மீட்டர். தூக்குவதற்கு மட்டும் 2.5 யூனிட், மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 3 அருகில். சமதரையில் 20 கி.மீ.க்கு இன்னொரு 3. ஆக ஏற 6, இறங்க ஒன்றரைதான், ஏனென்றால் பிரேக்கில் கொஞ்சம் திரும்பி வருகிறது. 9 கோட்டு வண்டியில் மொத்தமே 15 யூனிட் சொச்சம்தான் இருக்கும். அதில் 6 என்றால் 40%. உங்கள் 71, 32 இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன. கி.மீ.யை மறந்துவிட்டு, "கீழிருந்து வீட்டுக்கு 40%" என்று மனதில் வையுங்கள். மழையும் வைப்பரும் ஏசியும் சேர்ந்தால் 45.

செல்_பார்ப்பவன்:
18லிருந்து 11 விழுவதுதான் கவனிக்க வேண்டியது. சென்சார் உள்ளே போன, வெளியே போன கரண்டைக் கூட்டிக் கழித்துத்தான் % சொல்கிறது. சிறு பிழையும் நாளாக நாளாகச் சேரும். அதனால் வண்டி வோல்டேஜையும் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. லீஃபில் 96 செல் ஜோடிகள் தொடராக இருக்கின்றன. ஏற்றத்தில் கரண்ட் அதிகம் இழுக்கும்போது பலவீனமான ஒரு ஜோடி மட்டும் சரிந்தாலும், மொத்த பேட்டரியும் அதன் அளவுக்கே கணக்கிடப்படும். அந்தத் திருத்தம்தான் நீங்கள் பார்க்கும் வீழ்ச்சி.

வண்டியின் ஓபிடி2 சோதனைப் போர்ட்டில் செருகும் புளூடூத் டாங்கிளும், பேட்டரி விவரத்தை ஃபோனில் காட்டும் லீஃப்ஸ்பை செயலியும் போதும். மலிவு டாங்கிள்களில் பல சரியாக இணைவதில்லை, செயலிக்காரர் சொல்லும் வகையை வாங்குங்கள். முதலில் ஜிட் எண் (பேட்டரியில் உள்ள மின்சாரத்தைச் சொல்லும் லீஃபின் அளவு): புது வண்டிக்கு 281, உங்களுக்கு முழுச் சார்ஜில் 195 பக்கம் வர வேண்டும். பிறகு 20% அளவில் ஏற்றம் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் செல் படத்தைப் பார்க்கட்டும் (ஓட்டுபவர் பார்க்க வேண்டாம்). எல்லாம் சேர்ந்து இறங்கினால் வெறும் வயது. மற்றவை 3.6 வோல்ட்டில் இருக்க ஒன்று மட்டும் 3.4க்குப் போனால் அதுதான் குற்றவாளி. அந்த ஜோடி இருக்கும் மாட்யூலை (இரண்டு ஜோடிகள் அடங்கிய பெட்டி) மட்டும் மாற்றலாம், 48இல் ஒன்று. புது மாட்யூல் வேண்டாம். இதே அளவு தேய்ந்ததைத் தேடி, வோல்டேஜைச் சமன் செய்தபிறகே இணைக்க வேண்டும். உள்ளே 400 வோல்ட் அருகில் இருக்கிறது, வீட்டு முற்றத்தில் திறக்காதீர்கள்.

பச்சைப்பெட்டி:
வாரம் ஒருமுறை 100% ஏற்றி விட்டால் % தானாகச் சரியாகும், என் வண்டிக் கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது.

செல்_பார்ப்பவன்:
உங்களுடையது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி, தம்பி. அதில் 30%இலும் 80%இலும் வோல்டேஜ் ஏறத்தாழ ஒன்றுதான், 3.3 பக்கம். வோல்டேஜை வைத்து % சொல்லவே முடியாது. உச்சிக்குப் போனால்தான் கணக்கு நேராகும். லீஃபுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எப்போதாவது 100 வரை ஏற்றினால் செல்கள் சமனாகும், ஆனால் நிரப்பி வெயிலில் விடக்கூடாது. இந்த பேட்டரிக்குக் குளிரூட்டும் வசதியே கிடையாது, போர்ட் லூயிஸ் வெயிலே அதைத் தின்றுவிடும்.

மேட்டுவீடு:
ஏசியை அணைத்தால் உடனே சில கி.மீ. கூடுகிறதே, அது உண்மையா?

வயர்மேன்_ரோஸ்ஹில்:
ஏசி அந்த நேரத்தில் இழுப்பதைக் கடைசிவரை இழுக்கும் என்று வைத்துச் சொல்கிறது. அறை குளிர்ந்ததும் ஏசி இழுப்பது பாதிக்கும் கீழே போய்விடும். ஏற்றத்தில் நெரிசலில் நின்றால் மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.