ஒன்பது நாள் பட்டினிக்குப் பிறகு ஒரு குண்டான் கஞ்சி

மேல்மலைக்காரன்:
மன்னவனூர் பக்கம் எங்கள் ஊர். போன ஐப்பசி மழையில் எங்கள் செவலைப் பசு காணாமல் போய்விட்டது. சீகைக் காட்டுக்குள் ஓர் ஓடைப் பள்ளத்தில் விழுந்து, ஏற வழியில்லாமல் கிடந்திருக்கிறது. ஒன்பதாம் நாள்தான் கண்ணில் பட்டது. கயிறு கட்டித் தூக்கினோம். விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி வற்றியிருந்தது. அம்மா அழுதுகொண்டே ஒரு குண்டான் அரிசிக் கஞ்சி காய்ச்சி, வெல்லம் கரைத்து வைத்தார். ஒரே மூச்சில் குடித்தது. சுற்றி நின்று சந்தோஷப்பட்டோம்.

மறுநாள் காலையில் இடது வயிறு உப்பியிருந்தது. அசை போடவில்லை. சாணம் தண்ணீராகப் போனது, புளித்த நாற்றம். கால்நடை டாக்டர் வந்து சோடா உப்பு கரைத்து ஊற்றினார், குளுக்கோஸ் ஏற்றாமல் வேறு மருந்து ஏற்றினார். அன்று ராத்திரியே போய்விட்டது.

டாக்டர் சொன்னதை இங்கே எழுதுகிறேன், இன்னொரு மாடாவது பிழைக்கட்டும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் புல்லையும் வைக்கோலையும் செரிக்கின்றன. பசு பட்டினி கிடந்தால் அவையும் பட்டினிதான். அந்தக் கூட்டம் மெலிந்து கிடக்கும்போது திடீரென்று மாவும் இனிப்பும் வந்தால், வேகமாகப் பெருகும் வேறு கிருமிகள் அதை லாக்டிக் அமிலமாக்கிவிடும். அமிலத்தை உறிஞ்சி வெளியேற்றும் வயிற்றுச் சுவரும் பட்டினியில் சுருங்கியிருக்கும். கடைசியில் ரத்தமே புளித்துப் போகிறது. பொங்கலன்று அளவில்லாமல் பொங்கல் ஊட்டி மாடு சாவதும் இதே அமிலத்தால்தானாம்.

கோத்தகிரி செவிலி:
அண்ணா, அம்மாவிடம் சொல்லுங்கள், இந்தத் தவறு மனிதர்களுக்கும் நடக்கிறது. எங்கள் வார்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். மனைவி இறந்த பிறகு மூன்று வாரமாக டீயும் அதில் நனைத்த வர்க்கியும்தான் சாப்பாடு. எடை 38 கிலோ. சொந்தக்காரர்கள் களியும் அவரைக் குழம்பும் தூக்குச்சட்டியில் கொண்டு வந்துவிட்டார்கள், வாய் நிறைய ஊட்ட வேண்டும் என்று. டாக்டர் தடுத்துவிட்டார். முதலில் வைட்டமின் பி1 ஊசி. அப்புறம் கிலோவுக்கு 10 கலோரி, அதாவது நாளுக்கு 380 தான். அவர்களுக்குக் கோபம். எனக்கே மனசு கேட்கவில்லை.

பட்டினியில் உடம்பு முதல் நாளிலேயே கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பை ஏறக்குறைய தீர்த்துவிடுகிறது. பிறகு கொழுப்பு, கூடவே தசை. செல்லுக்குள் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் மெல்லக் காலியாகும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் சரியாகவே காட்டலாம்! சாப்பாடு விழுந்ததும் இன்சுலின் சுரக்கிறது. பசித்த செல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸை இழுத்துக்கொள்கின்றன. இதயம் தடுமாறும், மூச்சுத் தசை ஓயும். இவ்வளவு கவனமாக இருந்தும் பெரியவருக்கு மூன்றாம் நாள் பாஸ்பரஸ் இறங்கியது. டிரிப்பில் கொடுத்துச் சமாளித்தோம். பிழைத்துக்கொண்டார்.

ஜூன் மாதத்திலும் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். மலைக் குளிர் என்று நினைத்தோம். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களும் கோடையில் குளிருகிறது என்றார்கள். உடம்பு அடுப்பைத் தணித்துவிடுகிறது.

குன்னூர் தோட்டம்:
தாவரவியல் படித்துவிட்டு இப்போது இரண்டு ஏக்கர் தேயிலை பார்க்கிறேன். மெக்னீசியம் போதாத செடியில் மூத்த இலைதான் முதலில் மஞ்சளாகும், நடுவில் ஆங்கில 'V' எழுத்தைக் கவிழ்த்தது போலப் பச்சை மிஞ்சும். செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. இரும்புச்சத்தை அப்படி நகர்த்த அதற்கு முடியாது, அந்தக் குறை கொழுந்திலேயே தெரியும். செல்லுக்குள்ளும் இதே கதைதான். ஜப்பானின் யோஷினோரி ஓசுமி ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு, அது தன் பாகங்களையே உடைத்துத் தின்பதை நுண்ணோக்கியில் பார்த்தார். 2016இல் நோபல் பரிசு. பசி என்றால் சும்மா காத்திருப்பது இல்லை, உள்ளே எல்லாம் இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

மேல்மலைக்காரன்:
மூன்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பெரியவரைப் பற்றித்தான் இரண்டு முறை கேட்டார். போன வாரம் பக்கத்து வீட்டுக் கிடாரி நான்கு நாள் கழித்துக் காட்டிலிருந்து வந்தது. அவர்கள் கஞ்சிப் பானையை எடுக்கும் முன்பே அம்மா ஓடிப்போய்த் தண்ணீரும் ஒரு கைப்பிடி காய்ந்த புல்லும் மட்டும் வைத்தார். ராத்திரி அங்கேயே உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் வந்து, "அசை போடுதுடா" என்றார்.