இறைச்சி வாங்கும்போது மறைந்திருக்கும் குளூட்டனைக் கண்டுகொள்வது எப்படி?

கேள்வி: தென்றல்

வணக்கம். என் மகளுக்குச் சீலியாக் நோய் (குளூட்டன் என்னும் தானியப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருப்பது சிறுகுடல் திசுப் பரிசோதனையில் உறுதியானதிலிருந்து, குளூட்டனுள்ள தானியங்களான கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றும் எங்கள் சமையலறைக்குள் வருவதில்லை. பழைய மரப்பலகைகளையும் கீறல் விழுந்த பாத்திரங்களையும் மாற்றிவிட்டோம். ஆயினும் அவளுடைய இரத்தத்தில் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்றும், எங்கிருந்தோ சிறிதளவு குளூட்டன் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருக்கலாம் என்றும் மருத்துவர் கருதுகிறார். அவள் உண்பவற்றையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தபோது, நாங்கள் சந்தேகிக்காமலே விட்டுவைத்திருப்பது இறைச்சியை மட்டும்தான் என்று புரிந்தது.

இறைச்சியில் இயல்பாகக் குளூட்டன் கிடையாது என்பதை அறிவேன். ஆனால் நாங்கள் முழுத் துண்டுகளை மட்டும் வாங்குவதில்லை. கைமா, மசாலா தடவிய கோழி, சாசேஜ், மெல்லியதாக அரிந்த ஹாம் ஆகியவற்றையும் வாங்குகிறோம். லேபிளில் கோதுமை என்ற சொல் இல்லாவிட்டால் அதை நம்பலாமா? கடையில் எடை போட்டுத் தரும் இறைச்சி பாதுகாப்பானதா? கோதுமையும் பார்லியும் தின்று வளர்ந்த விலங்கின் இறைச்சியில் குளூட்டன் தங்குமா? சந்தேகமான துண்டை நன்றாகக் கழுவி, அதிக நேரம் வேகவைத்தால் போதுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: கீற்று

உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். விலங்கு தின்ற தானியத்தின் புரதம் அதன் குடலிலேயே செரிக்கப்பட்டுவிடுகிறது. அது குளூட்டனாகத் தசையில் போய்ச் சேர்வதில்லை. ஆகவே தீவனத்தைப் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம். வேகவைப்பதோ பொரிப்பதோ குளூட்டனை நீக்காது, ஏனெனில் அது கிருமி அன்று. வெப்பத்தால் கொல்லப்படக்கூடிய ஒன்றாக அதை நினைக்கவே கூடாது. பச்சை இறைச்சியைக் குழாயடியில் கழுவுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. மசாலாவிலும் ஊறலிலும் கலந்துவிட்ட மாவு அதனால் போகாது. மாறாக, இறைச்சியிலுள்ள கிருமிகள் நீர்த்துளிகளோடு தொட்டியெங்கும் தெறிக்கும்.

அளவைப் பற்றிய தெளிவு இருந்தால் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் தெளிவாகும். பன்னாட்டு உணவுத் தரக் குழுமமான கோடெக்ஸ் 2008-இல் திருத்திய தரத்தின்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவே ‘குளூட்டன் அற்றது’ எனப்படும். அந்த உச்ச வரம்பிலேயே இருக்கும் 100 கிராம் இறைச்சியை உண்டாலும் உள்ளே போவது 2 மில்லிகிராம்தான். நோயாளிகளில் பெரும்பாலோர் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை தாங்குவர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றிலோ 2 கிராமுக்குக் குறையாமல், அதாவது 2,000 மில்லிகிராமுக்குக் குறையாமல், குளூட்டன் இருக்கும். எனவே ஒரு கோழித் துண்டின் மேல் ஒட்டிய ரொட்டித் தூள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தாலே அது அலட்சியப்படுத்தக்கூடியதன்று.

லேபிள் விஷயத்தில், கோதுமை என்ற சொல் இல்லாதது மட்டும் போதாது. மால்ட் சாறும் மால்ட் வினிகரும் பார்லியிலிருந்து வருபவை. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே நொதிக்க வைக்கப்படுகிறது. ஆகவே ஊறவைத்த இறைச்சியில் அந்தப் பெயரைக் கண்டால் மேலும் விசாரிக்க வேண்டும். ‘நீராற்பகுக்கப்பட்ட தாவரப் புரதம்’ (hydrolysed vegetable protein) என்று எழுதியிருந்தால் எந்தத் தாவரம் என்று கேட்க வேண்டும். சாசேஜிலும் பர்கர் துண்டுகளிலும் இறைச்சியைப் பிணைத்து நிறுத்த ரஸ்க் தூளோ மாவோ சேர்ப்பது வழக்கமான தொழில்முறை. இரத்தம் சேர்த்துச் செய்யும் சில சாசேஜ்களில் பார்லியோ ஓட்ஸோ இருக்கும். ‘மாற்றியமைக்கப்பட்ட ஸ்டார்ச்’ என்பது சோளத்திலிருந்தும் வரலாம், கோதுமையிலிருந்தும் வரலாம். ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கப்படும் மால்டோடெக்ஸ்ட்ரினைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். பெயரில் மால்ட் இருந்தாலும் அது அந்த மால்ட் அன்று. கோதுமையிலிருந்தே தயாரிக்கப்பட்டாலும் அதில் எஞ்சும் குளூட்டன் மிகமிகக் குறைவு என்பதால் அதை நான் விலக்கச் சொல்வதில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதையும் நினைவில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் குளூட்டனுள்ள தானியங்கள் அனைத்தையும் மூலப்பொருள் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். அமெரிக்காவின் 2004-ஆம் ஆண்டு ஒவ்வாமைப் பொருள் அறிவிப்புச் சட்டமோ கோதுமையைச் சொல்கிறதே தவிர, பார்லியையும் ரையையும் சொல்லவில்லை. அங்கு இறைச்சி வேளாண் துறையின் மேற்பார்வையில் வருவதால் அந்தச் சட்டம் அதற்கு நேரடியாகப் பொருந்துவதும் இல்லை. இறக்குமதியான பொருளை வாங்கினால், அது எந்த நாட்டின் விதிப்படி லேபிளிடப்பட்டது என்பதைக் கவனிப்பது நல்லது.

பதில்: கத்திமுனை

நீண்ட காலம் இறைச்சிக் கடையில் வெட்டுமேசையில் நின்றவன் என்ற முறையில், முந்தைய பதிலில் வராத பக்கத்தைச் சொல்கிறேன். கடையில் இருக்கும் கருவிகளில் நீங்கள் முதலில் அஞ்ச வேண்டியது கைமா இயந்திரத்தைத்தான். அதன் திருகுத் தண்டிலும், வட்டத் தட்டின் துளைகளிலும், கழுத்துப் பகுதியிலும் முன்பு அரைத்ததில் ஒரு பங்கு எப்போதும் தங்கியிருக்கும். அடுத்து அரைக்கும் இறைச்சி அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். சாசேஜுக்காக மசாலாவும் ரஸ்க் தூளும் கலந்த இறைச்சியை அதே இயந்திரத்தில் அரைக்கும் கடையில், அடுத்து வரும் வாடிக்கையாளரின் வெறும் கைமாவில் அந்தத் தூள் இருக்கும். தண்ணீர் ஊற்றி அலசிவிட்டோம் என்பார்கள். முழுவதும் கழற்றி, பாகம் பாகமாகச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவினாலொழிய அது சுத்தமாகாது, அதைப் பெரும்பாலான கடைகளில் இரவில் ஒரு முறைதான் செய்வார்கள்.

ஆகவே கைமா வேண்டுமென்றால் முழுத் துண்டாக வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள். அது இயலாதபோது, கடை திறந்ததும் இயந்திரம் ஓடும் முதல் இறைச்சியாக உங்களுடையதை அரைத்துத் தரும்படி கேளுங்கள். நாங்கள் இதைத் தொல்லையாக நினைத்ததில்லை. முன்கூட்டியே சொல்லிவைத்தால் எளிதாகச் செய்துவிடலாம்.

ஹாம் அரியும் இயந்திரத்தில் ஆபத்து வேறு விதமானது. வெறும் ஹாமை மட்டும் அரிந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் மாவு சேர்த்துப் பிணைத்த இறைச்சி வகைகளையும் அதே தகட்டில் அரிவார்கள். காட்சிப் பெட்டியில் எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ரொட்டித் தூள் தடவிய துண்டுகள் மேல் தட்டிலும் வெறும் இறைச்சி கீழ்த் தட்டிலும் இருந்தால், அந்தக் கடையில் நான் வாங்க மாட்டேன். இடுக்கியும் கையுறையும் தராசின் தட்டும் அப்படியே. கையுறை அணிந்தவர் சுத்தமாக இருப்பதாக வாடிக்கையாளருக்குத் தோன்றும். அதே கையுறையோடு அவர் சற்றுமுன் எதைத் தொட்டார் என்பதே கேள்வி.

பதில்: மருதம்

எனக்கே சீலியாக் நோய் உண்டு. கத்திமுனை சொன்னவற்றை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர: கடைக்காரரை நம்பி முதல் இறைச்சியாக அரைக்கச் சொல்வது எதிர்ப்பொருள் குறையாத குழந்தைக்குப் போதுமான பாதுகாப்பன்று. முந்தைய இரவு இயந்திரத்தை எப்படிக் கழுவினார்கள் என்பது காலையில் வருகிறவருக்குத் தெரிய வழியில்லை. அளவு சீராகும் வரையிலாவது கடையில் அரைத்ததையும் அரிந்ததையும் முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். ‘இதில் குளூட்டன் இருக்கிறதா?’ என்று கேட்டால், அது என்னவென்றே தெரியாதவர்கூட நல்லெண்ணத்தோடு இல்லை என்று சொல்லிவிடுவார். அவருக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்: இந்த மசாலாவை நீங்களே கலந்தீர்களா, பொட்டலமாக வந்ததா? பொட்டலம் என்றால் அதன் லேபிளைக் காட்ட முடியுமா? இந்தக் கத்தியால் இன்று வேறு எதை வெட்டினீர்கள்? பதில் தயக்கத்தோடு வந்தால் நான் எதையும் வாங்காமல் திரும்பிவிடுவேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மூடிய பொட்டலத்திலும் இரண்டு இடங்களில் ஏமாறலாம். பச்சைக் கோழி வெறும் கோழி போலவே தோன்றும், ஆனால் அதற்குள் உப்புக் கரைசலோ சுவையூட்டிய சாறோ ஊசி மூலம் செலுத்தப்பட்டிருக்கும். மூலப்பொருள் பட்டியலில் கோழியைத் தவிர வேறு பெயர்கள் இருந்தால் அவற்றையும் படித்தாக வேண்டும். மற்றொன்று, ஹாமோடு தனி உறையில் வைத்துத் தரும் இனிப்புப் பூச்சும், வறுவலோடு வரும் குழம்புப் பொடியும். இறைச்சி பாதுகாப்பாக இருந்தாலும், அந்தச் சிறு உறையில் கோதுமை மாவு இருக்கக்கூடும். ‘கோதுமையின் தடயம் இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை பல நாடுகளில் தயாரிப்பாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், அது அச்சிடப்படாததை ஓர் உத்தரவாதமாகக் கொள்ள முடியாது.

தென்றல் எழுதியது

மூவருக்கும் நன்றி. நாங்கள் வாங்கும் கைமா, சாசேஜும் செய்து விற்கும் கடையிலிருந்துதான் வருகிறது. ஆகவே அதை உடனே நிறுத்துகிறோம். அவளுக்கு உண்டபின் வயிற்றுவலியோ வேறு தொந்தரவோ வருவதில்லை. அப்படியிருக்க, எந்தப் பொருள் காரணம் என்பதை எப்படி அறிவது? சுட்டு விற்கும் முழுக் கோழியையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: கீற்று

தொந்தரவு இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெளியே தெரியும் அறிகுறி ஏதுமின்றிக் குடல் பாதிக்கப்படுவது இந்த நோயில் சாதாரணம். எதிர்ப்பொருளின் அளவோ மெதுவாகத்தான் இறங்கும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதனால் ஒவ்வொரு பொருளாக நீக்கிச் சோதித்துப் பார்ப்பது உங்களுக்குப் பயன்படாது. கைமா, அரிந்த ஹாம், லேபிளில்லாத மசாலா இறைச்சி, சுட்ட கோழி ஆகிய நான்கையும் சேர்த்தே நிறுத்துங்கள். சுட்ட கோழியைச் சொல்லக் காரணம், தடவிய மசாலா தெரியாது என்பது மட்டுமன்று. ரொட்டித் துண்டுகளை உள்ளே திணித்த கோழிகளும் அதே அடுப்பில், அதே தட்டில் இருந்திருக்கலாம். சாசேஜில் ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிட்டதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த இரத்தப் பரிசோதனையின் தேதியை மருத்துவரிடம் கேட்டு, நிறுத்திய நாளையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு அளவுகளுக்கு இடையில் என்ன மாறியது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.