பழைய புத்தகம் தேடிப் போன சந்தையில் பார்த்த கூண்டுகள்: உங்கள் அனுபவம்?

பைண்டு பிரியன்
பழைய புத்தகம், இசைத்தட்டு, கூண்டுப் பிராணி மூன்றையும் சென்னையில் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில்தான் விற்பார்கள். சென்ட்ரல் அருகே 1900-ல் திறந்த மூர் மார்க்கெட்டிலும் அப்படித்தானாம். அப்பா தொடர்கதை பைண்டுகளைப் புரட்டுகையில் அந்தப் பக்கம் முயலும் வெள்ளெலியும் இருக்கும் என்பார். 1985 மே மாதம் அது எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். எனக்கு வாய்த்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை.

கத்திரி வெயிலில் அங்கே போனது 'பொன்னியின் செல்வன்' பைண்டுக்காக. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்ததை, ஓவியர் மணியம் படங்களோடு யாரோ கத்தரித்துத் தைத்து வைத்த தொகுதி. கதை எந்தப் பதிப்பிலும் கிடைக்கும். ஒவ்வொரு வாரமும் எங்கே நிறுத்தி ஆளைத் தவிக்கவிட்டார்கள் என்பது இதில்தான் தெரியும். விலை படியவில்லை. "அடுத்த வாரம் வாங்க சார், புக்கு எங்க போயிடப் போகுது" என்றார் கடைக்காரர்.

இரண்டு கடை தள்ளி ஒரே கம்பிக்கூண்டில் லவ் பேர்ட்ஸ், ஒன்றின் மேல் ஒன்றாக. தண்ணீர்க் கிண்ணம் காலி. கேட்டதும் விற்பவர் முகம் சுளிக்காமல் ஊற்றினார். "ஊத்த ஊத்தக் கொட்டிடுதுங்க சார்." அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன், அவர் தலைக்கு மேலேயும் நிழல் கிடையாது. ஒரு அம்மா, இறகை உப்பிக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்த இரண்டை, பாவம் என்று வாங்கிப் போனார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் கீழே இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து வேறு இரண்டை உள்ளே விட்டார்கள். அந்தப் பணம் எதற்குப் போனது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

குரோம்பேட்டை மாடித்தோட்டம்
கலர் கோழிக்குஞ்சை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ரோஸ், பச்சை, ஊதான்னு கூடையில வருமே! அதெல்லாம் பெரும்பாலும் முட்டைக்கோழி ரகத்துச் சேவல் குஞ்சுங்க. முட்டையும் போடாது, கறிக்கும் தேறாது, அதனால பொரிப்பகத்துக்கு அது வேண்டாத சரக்கு. சாயத்துல முக்கி சில்லறைக்குத் தள்ளிடுவாங்க. தாய்க்கோழிச் சூடு இல்லாம அந்த வயசுல ராத்திரி தாங்காது. பள்ளிக்கூட வாசல்ல விக்கறவர்கிட்ட என் பையன் அடம்பிடிச்சப்ப இதையே சொன்னேன். அவன் அழுகையை நிறுத்திட்டு விக்கறவரையே கேட்டுட்டான், "அண்ணா, இதோட அம்மா எங்க?" அவர் கூடையைத் தூக்கிட்டு நகர்ந்துட்டார்.

தட்டு சேகரிப்பவன்
நான் தேடுவது நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம். மணிக்கணக்கில் விரியும் ஆலாபனையை ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சத்தில் அடக்கிய, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு. கீறல் சத்தத்துக்கு நடுவே அந்த நாதஸ்வரம் எழும்போது எந்த டிஜிட்டல் சுத்திகரிப்பும் வேண்டாம் என்று தோன்றும். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

தட்டு வைத்திருந்தவரே ஒருமுறை குரலைத் தாழ்த்தி, "கிளி வேணுமா சார், நல்லா பேசும்" என்றார். திரைக்குப் பின்னால் இறகு முளைக்காத பச்சைக்கிளிக் குஞ்சுகள். மரப்பொந்திலிருந்து எடுத்தவையாகத்தான் இருக்கும். 1972 வன உயிரினச் சட்டப்படி நம் ஊர்க் கிளியை விற்பதும் குற்றம், வீட்டில் வளர்ப்பதும் குற்றம். லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டு இனம் என்பதால் அந்தத் தடையில் வராது. வெளியே வந்து வனத்துறைக்குப் போன் போட்டேன். ஆட்கள் வந்து குஞ்சுகளை எடுத்துப் போனார்கள். அவரிடம் இனித் தட்டு வாங்க முடியாது. தோடி போனால் போகிறது.

கொளத்தூர் மீன்காரன்
எல்லாக் கடையையும் ஒரே தராசில் போடாதீர்கள். எங்கள் பகுதியில் வீட்டு மாடியில் தொட்டி கட்டி வண்ணமீன் பெருக்கியே பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் ஃபைட்டர் மீனைச் சின்ன பிளாஸ்டிக் கப்பில் வைத்து, "இதுக்கு இது போதும்" என்று விற்பது பொய். அது மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதனால்தான் உடனே சாவதில்லை. தன் கழிவு கலந்த தண்ணீரிலேயே கிடந்து துடுப்பு அழுகும். பத்து லிட்டர் தொட்டியாவது கொடுங்கள். 2018 விதிப்படி நாய், பூனை, கூண்டுப் பறவை போன்றவை விற்கும் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். அங்கே போனால் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துகிறவன் கோபப்பட மாட்டான்.

ராயபுரம் புறா
நம்ம ஏரியா மொட்டமாடில ஒரு அண்ணன். ஸ்பீக்கர்ல கானா ஓடும், டோலக் சத்தத்துக்கு இவரு தாளம் போட்டுக்கினே கூண்டு கழுவுவாரு. வானத்துல குட்டிக்கரணம் போடற கர்ணப்புறா, தூரத்துல விட்டாலும் வீடு திரும்பற ஹோமர் ரெண்டும் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தாத்தா பாட்டி வரைக்கும் வம்சம் சொல்வாரு. காலைல தொறந்து விட்டா வானத்துல சுத்திட்டு அதுங்களே கூட்டுக்கு வந்துடும். கடையில ரெக்கைய டேப்பு போட்டு ஒட்டி வித்தத நான் வாங்கப்போறேன்னதும் செம திட்டு. "நீ வாங்கினா நாளைக்கு இன்னொண்ணு ஒட்டுவான்டா. புறா வேணும்னா ஒரு மாசம் இங்க வந்து கூண்டு கழுவு, அப்புறம் ஜோடி தரேன்"னாரு. இப்ப தெனமும் கழுவறேன். இன்னும் தரல.