மைனஸ் 12இல் கார் இழுத்து இழுத்து ஸ்ரார்ட் ஆகுது: மொன்றியல் போக முன்னம் என்ன செய்யவேணும்?

கேள்வி:
2017 ஹொண்டா சிவிக், 1.5 டேர்போ, ஓல் சீசன் ரயர் (215/50ஆர்17). ஒன்ராறியோ ஸ்காபரோவில வெளியிலதான் நிக்குது, நாளுக்கு ரெண்டு தரம் 10 நிமிச ஓட்டம். நேற்றுக் காலமை ஸ்ரார்ட்டர் மெதுவா இழுத்துத்தான் பத்தினது. பற்றரி காரோட வந்ததுதான். ஸ்ரார்ட் பண்ண முன்னம் 12.2 வோல்ற், ஓடேக்க 12.6. ஒல்ரநேற்றர் (ஓடேக்க பற்றரியைச் சார்ஜ் பண்ணுறது) பழுதாப் போச்சோ? ரயர் காற்றுக் குறைவெண்டு காட்டுற லைற்றும் எரியுது. கண்ணாடிக்கு அடிக்கிற தண்ணி வருதில்லை. நத்தாருக்கு கியூபெக் மாகாணத்து மொன்றியலுக்குப் போகவேணும். விண்டர் ரயர் இல்லாட்டி கியூபெக்கில ஃபைனாம், உண்மையோ?

மறுமொழி 1:
ஒல்ரநேற்றரில கை வைக்காதேங்கோ. கரண்ட் தேவை குறைஞ்ச நேரம் இந்தக் கார் வேணுமெண்டே சார்ஜிங்கைக் குறைக்கும். ஹெட்லைற், பின் கண்ணாடி ஹீற்றர், ஃபான் மூண்டையும் போட்டிட்டு அளவுங்கோ. 13.8க்கு மேல ஏறினால் அது நல்லாத்தான் இருக்கு.

பிரச்சினை பற்றரி. இரவு முழுக்க நிண்டபிறகு 12.6 காட்டவேணும், 12.2 எண்டால் அரைவாசிச் சார்ஜ்தான். 10 நிமிச ஓட்டத்தில, அதுவும் சீற் ஹீற்றரோட, ஸ்ரார்ட்டர் எடுத்ததே திரும்பி வராது. 4 அம்பியர் சார்ஜரில ஒரு இரவு போட்டிட்டு சி.சி.ஏ ரெஸ்ற் செய்விக்கவும். மைனஸ் 18இல 30 செக்கன் எவ்வளவு அம்பியர் குடுக்கும் எண்டதுதான் அந்த இலக்கம். முழுக்க இறங்கின பற்றரி மைனஸ் 10 அளவிலயே உறையலாம். உறைஞ்சதுக்கு ஜம்ப் குடுக்கவேண்டாம், வெடிக்கும்.

மறுமொழி 2:
கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம். ஆனா அது கியூபெக்கில பதிஞ்ச கார்களுக்கு. ஒன்ராறியோ பிளேற்றுக்கு ஃபைன் இல்லை. அதுக்காகப் போடாமல் போகவேண்டாம்: 7 பாகைக்குக் கீழ ஓல் சீசன் றப்பர் இறுகத் தொடங்கும். மலைக்குள்ள பனித்துகள் படம் போட்ட ரயராப் பாத்து எடுங்கோ. எம்+எஸ் (சேறும் பனியும்) எழுத்து மட்டும் போதாது. நாலும் போடவேணும். முன்னுக்கு ரெண்டு மட்டும் போட்டால் வளைவில பின்பக்கம் வழுக்கும்.

16 இஞ்சி இரும்பு றிம்மில 215/55ஆர்16 போட்டால் மலிவு. ரயர் விட்டத்தின்ர வித்தியாசம் ஒரு வீதத்துக்குள்ள. நட்டை ரோர்க் றென்ஞ்சால (இறுக்கிற விசையை அளக்கிற சாவி) 80 அடி-பவுண்டுக்கு இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடினபிறகு திரும்பப் பாக்கவும். ஒன்ராறியோவில விண்டர் ரயருக்கு இன்சூரன்ஸ் கழிவும் இருக்கு, கேளுங்கோ.

மறுமொழி 3:
பனிக்கு ரயர் காற்றை 5 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) குறைச்சு விட்டால் பிடிப்புக் கூடும். தண்ணி ராங்குக்குச் சுடுதண்ணி விடுங்கோ, இளகும்.

மறுமொழி 1:
ரெண்டும் பிழை. குறைஞ்ச காற்றில ஹைவே ஓடினால் ரயரின்ர பக்கச் சுவர் சூடாகும், ஸ்ரெயறிங்கும் தாமதிக்கும். கதவு ஸ்ரிக்கரில உள்ள அளவு குளிர்ந்த ரயருக்கு. ஒவ்வொரு 5.5 பாகைக்கும் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ இறங்கும்; 20 பாகை கராஜில 32 அடிச்சால் மைனஸ் 13இல 26தான் நிக்கும்.

இன்னொண்டு: இந்தக் காரில றிம்முக்குள்ள சென்சர் இல்லை, சில்லுச் சுத்துற வேகத்தை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கும். நாலும் ஒரே அளவில இறங்கினால் லைற் எரியாமலே விடலாம். எரியுது எண்டால் ஒண்டு மற்றதுகளைவிடக் கூடுதலா இறங்கியிருக்கு. வால்வுக்கும் றிம் விளிம்புக்கும் சோப்புத் தண்ணி பூசிப் பாருங்கோ. ரயர் மாத்தினபிறகு மெனுவில கலிபிறேற் பண்ணவும் (புது அளவைப் பதியிறது).

சுடுதண்ணி கண்ணாடியில பட்டால் வெடிக்கும். ராங்கில விட்டால் பிறகு அதுவும் உறையும். சூடான பார்க்கிங்கில சில மணித்தியாலம் விட்டு, பழசை அடிச்சு முடிச்சு, மைனஸ் 40 திரவம் விடுங்கோ. குழாயில பழசு நிக்கும். புதுசு வரும்வரை அடிக்கவேணும். உறைஞ்சிருக்கேக்க பட்டனை அமத்தினால் மோட்டர் எரியும்.

கேட்டவர்:
லைற், ஹீற்றர் போட்டுப் பாத்தன், 14.3. சி.சி.ஏ லேபிளில உள்ளதின்ர பாதியும் இல்லை, பற்றரி மாத்தியாச்சு. பின் இடது ரயர் வால்வில குமிழி வந்தது. கூலன்ருக்கு (என்ஜினைக் குளிர வைக்கிற திரவம்) தண்ணி கலக்கவேணுமோ?

மறுமொழி 2:
வேண்டாம். இந்தக் காருக்கு வாற நீலக் கூலன்ற் ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்தது, மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணி விட்டால் அந்தத் தாங்கும் அளவு குறையும். மட்டம் குறைவெண்டால் அதே நீலத்தை விடுங்கோ.