மறுமொழி: அக்குவாபோனிக்ஸுக்கு ஒரு சொல், வெள்ளிக்கு முன்னம்
(எழுதுபவர்கள் அவரவர் ஊர்ப்பெயரில்)

கிளிநொச்சி:
வணக்கம். வளவில் மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் முறைக்கு எட்டுப் பக்கக் கைநூல் ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளி காலை அச்சகம் கேட்கும். அட்டையில் 'அக்குவாபோனிக்ஸ்' என்று போட்டால் ஏதோ பூச்சிமருந்தின் பெயர் மாதிரி நிற்கிறது. கையில் உள்ளவை: நீருயிர் வேளாண்மை, மீன்பயிர், மண்ணில்லா மீன்தோட்டம். உள்ளேயும் இரண்டு இடறுகின்றன. பாத்தித் தண்ணீரைத் தானாக வடியவிடும் மணிக்குழாய் ஒன்று. மீன் விடமுன் தண்ணீரை ஆயத்தப்படுத்துவது மற்றது. அட்டைச் சொல்லையாவது இன்றைக்குத் தாருங்கோ.

வவுனியா:
தங்கச்சி, மூலத்தில் இருந்து வருவோம். மண்ணில்லாமல் தண்ணீரில் பயிர் வளர்ப்பதற்கு 1937இல் அமெரிக்க ஆய்வாளர் கெரிக்கி அச்சில் ஏற்றிய 'ஹைட்ரோபோனிக்ஸ்' முழுக்கக் கிரேக்கம். 'போனொஸ்' என்றால் உழைப்பு. பிறகு வந்த 'அக்குவாபோனிக்ஸ்' என்ற சொல்லில் முன்பாதி இலத்தீன், பின்பாதி கிரேக்கம். மூலமே கலப்பு மணம் என்றால் நாங்கள் ஏன் கூசவேண்டும்? 'போனொஸ்' உழைப்பையும் குறிக்கும், வருத்தத்தையும் குறிக்கும். தமிழில் அந்த இரண்டையும் ஒன்றாகச் சுமக்கும் சொல் 'பாடு'. பாடுபட்டான், படாத பாடு பட்டான். ஆகவே 'நீர்ப்பாடு'.

முல்லைத்தீவு:
ஐயா, இஞ்சை பாடு எண்டால் கரைவலை வளைக்கிற இடம். 'வளவில் நீர்ப்பாடு' எண்டு அட்டையில கண்டால் வலைச் சொந்தக்காரச் சம்மாட்டிமார் வந்து ஆரின்ரை பாடு எண்டு கேப்பினம்.

மல்லாவி:
பேருக்கு முன்னுக்கு 'மீன்' நிண்டால் சனம் மீனைத்தான் கூட விடும். உடையிற இடமே அதுதான். 500 லீற்றர் மீன்தாங்கி, அதே அளவு சல்லி நிரப்பின கீரைப்பாத்தி, 30 சென்ரிமீற்றர் ஆழம் எண்டு வையுங்கோ. பாத்தி ஏறக்குறைய 1.67 சதுர மீற்றர் வரும். கீரை வகைக்குச் சதுர மீற்றருக்கு ஒரு நாளைக்கு 40 தொடக்கம் 50 கிராம் மீன்தீன் கணக்கு. அப்ப மொத்தம் 67 தொடக்கம் 83 கிராம். அவ்வளவு தீனை முடிக்க கால் கிலோ திலாப்பியா 20 காணும். 100 குஞ்சு விட்டவருக்கு முதல் மாதம் ஒண்டும் தெரியாது. மீன் கை அளவு வளர, விடியப்புறம் வாயைத் தூக்கி மேலே நிக்கும். ஒட்சிசன் இல்லை. கரண்ட் போன இரவெண்டால் காலமை எல்லாம் மிதக்கும். எந்தப் பேரை வைச்சாலும் '20 மீன்' எண்டதைப் பெரிய எழுத்தில போடுங்கோ. பற்றரியில ஓடுற சின்னக் காற்றுப் பம்பையும் வாங்கச் சொல்லுங்கோ.

கோயம்புத்தூர்:
எங்கள் பக்கம் எல்லோரும் அக்வாபோனிக்ஸ் என்றே பேசுகிறோம். கடையில் பம்பு கேட்கவும், வீடியோ தேடவும் அந்தச் சொல்தான் உதவும். அட்டையில் வேறு பெயர் இருந்தால் புத்தகத்தை மூடியதும் வாசகர் தனியாகிவிடுவார். நீங்கள் திலாப்பியா என்பதை நாங்கள் ஜிலேபிக் கெண்டை என்கிறோம். இனிப்புக் கடைப் பெயரைச் சூட்டியதால் மீனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

முல்லைத்தீவு:
உண்மை. 1952இல எங்கடை குளங்களுக்கு விட்ட மீன். எழுபது வருசத்துக்கு மேல திலாப்பியா எண்டே சொல்லிச் சாப்பிடுறம். ஒருத்தரும் தூயதமிழ் கேக்கேல்லை.

வவுனியா:
பெயர்ச்சொல் வேறு, கலைச்சொல் வேறு. 'நீர்ப்பாடு' என்பதை விடுகிறேன். 'மீன்பயிர்' என்பதற்கே வருவோம். அது என்ன தொகை? மீனும் பயிரும் என்றால் உம்மைத்தொகை, 'மீன்பயிர்' சரி. மீனால் ஆகும் பயிர் என்று விரித்தால் வேற்றுமை. மீன் என்ற சொல்லுக்குத் தொல்காப்பியர் தனிச் சூத்திரமே வைத்திருக்கிறார்: வேற்றுமையில் வல்லெழுத்து வந்தால் ன் ற்-ஆகத் திரியலாம், திரியாமலும் இருக்கலாம். மீன்கண், மீற்கண் இரண்டும் சரி. இங்கே மீனின் கழிவுதான் பயிரை ஆக்குகிறது. எனவே பொருளுக்கு நெருக்கமான வடிவம் 'மீற்பயிர்'.

மல்லாவி:
ஐயா, 'மீற்பயிர்' எண்டால் மீறின பயிர் எண்டு வாசிப்பினம்.

அதோட, மீன்கழிவு நேரே பயிருக்குப் போறதில்லை. நடுவில ஒரு ஆள் இருக்கு, உங்கடை எந்தத் தொகையிலயும் அது இல்லை. மீன் விடுறது அமோனியா. சல்லியில ஒட்டியிருக்கிற பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்று ஆக்கும். பயிர் விரும்பி எடுக்கிறது கடைசியைத்தான். புதுச் சல்லியில இந்தக் கூட்டம் குடியேற 4 தொடக்கம் 6 கிழமை செல்லும். அதைச் சொல்லாத பேர் எல்லாம் அரைப்பேர்தான்.

கிளிநொச்சி:
அந்த ஆயத்தத்துக்குத்தான் சொல் இல்லை. 'சுழற்சிப்படுத்தல்' என்று எழுதியிருக்கிறேன். வாசித்துப் பார்த்தவர் பம்பைச் சுழற்றுவது என்று நினைத்தார்.

முல்லைத்தீவு:
பால் தயிராகிறதுக்கு உறை விடுற மாதிரித்தானே? 'உறை ஊற்றல்'?

மல்லாவி:
கருத்துப் பொருந்துது. பழைய தொட்டியில இருந்து ஒரு வாளி சல்லி கொண்டுவந்து போட்டால் அதுதான் உறை, கிழமைக்கணக்கு மிச்சம். ஆனால் 'தண்ணி உறையும்' எண்டு எழுதினால் ஐஸ் எண்டு நினைக்க இடமிருக்கு. 'பதம் வருதல்' எண்டு போடுங்கோ. மீன் இல்லாமலே அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில வைச்சுக்கொண்டு ஒன்றுவிட்ட நாள் சோதிக்கவேணும். முதல்ல அமோனியா இறங்கும், நைத்திரைற்று ஏறும். பிறகு அதுவும் இறங்கும். இரண்டும் லீற்றருக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழ வந்து நைத்திரேற்று தெரிஞ்சால் பதம். அதுக்குப் பிறகு குஞ்சு விடலாம்.

கோயம்புத்தூர்:
ஒரு நிமிடம். நைத்திரைற்று, நைத்திரேற்று: ஒரு கொம்பு வித்தியாசம். ஒன்று மீனைக் கொல்லும், மற்றது கீரையை வளர்க்கும். அச்சுக்கோப்பவர் கைதவறினால்? நாங்கள் நைட்ரைட், நைட்ரேட் என்கிறோம், அதிலும் இதே ஆபத்துதான்.

வவுனியா:
பாடநூலில் உள்ள வடிவத்தை மாற்றக்கூடாது. பிள்ளைகள் சோதனையில் எழுதும் சொல்.

மல்லாவி:
மாத்தவேண்டாம், அடைமொழி போடுங்கோ. 'நஞ்சு நைத்திரைற்று', 'உர நைத்திரேற்று'. எழுத்துப் பிழைச்சாலும் அடைமொழி காப்பாற்றும்.

கிளிநொச்சி:
இது நல்லாயிருக்கு, எடுத்தாச்சு. 'பதம்' என்பதும் எடுத்தாச்சு. மணிக்குழாய்?

முல்லைத்தீவு:
வன்னிக் குளத்தில எல்லாத்துக்கும் பேர் இருக்கே. தண்ணி திறந்துவிடுறது துருசு. நிரம்பினால் தானாப் பாயிறது வான். பாத்தி நிரம்பத் தானாப் பாயிற குழாய் 'வான்குழாய்'.

வவுனியா:
அருமை. ஆனால் வான் நிரம்பியதற்கு மேலே உள்ளதை மட்டும்தானே விடும்? இது அடிவரை இழுக்கிறது. அது துருசின் வேலை. 'வான்துருசு'?

கோயம்புத்தூர்:
எங்களுக்கு அது கலிங்கு, மதகு. 'வான்' என்றால் ஆகாயம்.

மல்லாவி:
கைநூல் வன்னிக்குத்தானே. வான்குழாய் காணும், படத்தில அளவைச் சரியாப் போடுங்கோ. நடுக்குழாய் 25 மில்லிமீற்றர், மேலே கவிழ்க்கிற மூடிக்குழாய் 75, சல்லி நுழையாமல் வெளிக்குழாய் 110. மூடிக்குழாய் அடியில 2 சென்ரிமீற்றர் பல்லு வெட்டவேணும். பழுது இரண்டு வகை. தண்ணி குறைவா வந்தால் நடுக்குழாயால ஒழுகிக்கொண்டே இருக்கும், இழுக்காது. வெளிவாயில ஒரு எல்போ பூட்டினால் பிடிக்கும். கூட வந்தால் இழுத்துக்கொண்டே இருக்கும், நிக்காது. வால்வைக் கொஞ்சம் மூடவேணும். பம்பு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் தாங்கித் தண்ணி முழுக்கச் சுத்திவரப் பண்ணவேணும். பெட்டியில எழுதியிருக்கிற அளவு உயரம் ஏறாமல் கிடைக்கிறது, அதால 500க்கு 1000 லீற்றர் பம்பு.

சல்லியும் முக்கியம். முருங்கன் பக்கம் மாதிரிச் சுண்ணாம்புக்கல் எண்டால் தண்ணியின்ரை பி.எச். (அமில-கார அளவு) 8க்குக் கிட்டவே நிக்கும். எங்கடை வெக்கையில பி.எச். 7இல இருக்கிறதைவிட 8இல அமோனியாவின்ரை நஞ்சுப்பங்கு பத்து மடங்கு கிட்ட. இளம் இலையும் மஞ்சளாகும், இரும்பு கிடைக்காது. வாங்கமுன் சல்லியில வினாகிரி விட்டுப் பாருங்கோ. நுரைச்சால் வேண்டாம், கருங்கல்லை எடுங்கோ. பாத்தியை நிரப்பினால் ஒரு தொன் கிட்ட வரும், மேசையில வைக்காமல் சீமெந்துக் கல்லு அடுக்குங்கோ.

கிளிநொச்சி:
வியாழன் இரவு. மீன்பயிருக்கு மூன்று பேர், அக்குவாபோனிக்ஸுக்கு ஒருவர், மீற்பயிருக்கு ஐயா. அட்டையில் 'மீன்பயிர்', அடியில் சிறிய எழுத்தில் 'அக்குவாபோனிக்ஸ்'. களைத்துப்போனேன், அனுப்புகிறேன்.

வவுனியா:
அனுப்புங்கள். பெரும்பான்மை புணர்ச்சி விதியைத் தீர்மானிக்காது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பு வரும்.

கோயம்புத்தூர்:
சிறிய எழுத்து போதாது. பின்னட்டையிலும் போடுங்கள்.

மல்லாவி:
தங்கச்சி, அனுப்பமுன் மூன்றாம் படத்தைப் பாருங்கோ. நடுக்குழாய் வாய் சல்லி மட்டத்துக்கு மேலே நிக்குது. 5 சென்ரிமீற்றர் கீழே இறக்கவேணும். சல்லிக்கு மேலே தண்ணி தெரிஞ்சால் பாசி பிடிக்கும், நுளம்பு முட்டை இடும்.