மண்சரிவுல சர்டிபிகேட் எல்லாம் போச்சு, எங்கருந்து தொடங்குறது?

பசறைக்காரி:
வணக்கம், நாங்க இலங்கைல பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். டித்வா புயல் நேரம், 2025 நவம்பர் கடைசில, லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால மேடு சரிஞ்சு எங்க காம்பிரா (வீட்டு அறை) பாதி அமுங்கிருச்சு. ராவே கோயிலுக்குப் போயிட்டதால ஆளுகளுக்கு ஒன்னும் ஆகல. ஆனா அம்மா பேப்பர் எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு கட்டிலுக்குக் கீழ வச்சிருந்தாங்க, மம்பட்டி போட்டு ரெண்டு நாள் தேடியும் மூடி மட்டுந்தான் கெடச்சிச்சு. என் பர்த் சர்டிபிகேட், ஐடி, ஏஎல் (உயர்தரப் பரீட்சை) சர்டிபிகேட், அப்பாவோட பிரஜாவுரிமை பத்திரம் எல்லாம் அதுக்குள்ளதான். ஐடிக்குப் போனா பர்த் சர்டிபிகேட் கேக்குறாங்க, பர்த் சர்டிபிகேட்டுக்குப் போன ஆபிஸ்ல ஐடி எங்கன்னு கேக்குறாங்க. என்னதான் பண்றது?

கொழுந்துக்கூடை:
தங்கச்சி முதல்ல பொலிஸ்ல என்ட்ரி போடுங்க, என்னென்ன தொலஞ்சிச்சுன்னு ஒன்னொன்னா சொல்லி எழுத வைங்க, சும்மா "ஆவணங்கள்"னு எழுதிட்டா பிறகு திரும்ப அலையணும். அடுத்தது பர்த் சர்டிபிகேட்தான், ஐடி இல்ல. அது பதிவேட்டுல இருந்து எடுக்குற பிரதி, பேரு, பிறந்த தேதி, இடம், அம்மா அப்பா பேரு சொன்னா தேடலாம், பதிவு நம்பர் தெரிஞ்சா வேல சுருக்கா முடியும். நம்பருக்கு நீங்க படிச்ச ஸ்கூல்ல சேர்வு இடாப்ப, அதான் பிள்ளைகள சேர்க்கிறப்ப எழுதுற பதிவுப் புத்தகத்த, பாக்கச் சொல்லுங்க. பிரதேச செயலகத்துல மேலதிக மாவட்டப் பதிவாளர்னு கேட்டுப் போங்க, வாசல்ல நிக்கிறவங்ககிட்ட கேட்டா ஆளுக்கொரு கதை சொல்வாங்க.

அது கைக்கு வந்ததும் ஐடி. விண்ணப்பப் பாரத்த கிராம சேவகர், இல்லாட்டி தோட்டத்து தொரை (மேனேஜர்) உறுதிப்படுத்தணும், பொலிஸ் என்ட்ரியும் வைக்கணும்.

ஹட்டன்_தம்பி:
ஏஎல் சர்டிபிகேட்டுக்கு ஸ்கூலுக்கு அலையாதீங்க அக்கா, பரீட்சைத் திணைக்களம்தான் குடுக்கும், ஒன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். எழுதின வருஷமும் பரீட்சை சுட்டெண்ணும் வேணும், ரிசல்ட் வந்தன்னைக்கு யாருக்காவது வட்ஸ்அப்ல அனுப்பியிருப்பீங்களே, பழைய மெசேஜ்ல தேடிப் பாருங்க.

பழைய_கணக்கப்பிள்ளை:
பிள்ளை, அப்பாவோட பத்திரம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்து பிரஜாவுரிமைப் பிரிவு வேலை. அந்தப் பத்திரத்தோட போட்டோ கொப்பி பழைய பாஸ்போர்ட் கட்டுலயோ தோட்டத்து ஆபிஸ் பைல்லயோ கெடக்கும், பெரிய கிளாக்கர கொஞ்சம் தாஜா பண்ணுங்க. இல்லாட்டியும் மனசு விட வேணாம். 1964 ஒக்டோபர் 30ல இருந்து இங்கயே நிரந்தரமா இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்களுக்கும் அவங்க வழித்தோன்றல்களுக்கும் 2003ம் ஆண்டு 35ம் இலக்க சட்டத்துல பிரஜாவுரிமை இருக்கு. 1948ல நம்ம தோட்டத்து சனங்ககிட்ட இருந்து புடுங்கின பிரஜாவுரிமைய திருப்பிக் குடுக்க அவ்வளவு வருஷம்!

ஒன்னு முக்கியம், பிரதிய வாங்கின உடனே கவுண்டர்லயே நின்னு பேர எழுத்தெழுத்தா வாசிங்க. என் மகள் பேர்ல சிங்களத்துல எழுதினவர் ஒரு எழுத்த மாத்திட்டாரு, ஐடி எடுக்குற நேரந்தான் தெரிஞ்சிச்சு, அலைஞ்சது எட்டு மாசம்.

பசறைக்காரி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னைக்கு ஸ்கூலுக்குப் போனேன், பிரின்சிபல் இடாப்ப எடுத்தாரு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருந்தாலும் பர்த் நம்பர் தெளிவா இருந்திச்சு. ஆனா அதுல அப்பா பேரு முத்தையா, அவரோட ஐடில முத்தய்யா. ஐயா, இதுவும் பிரச்சினையா வருமா?

பழைய_கணக்கப்பிள்ளை:
ஸ்கூல்ல எழுதினது கணக்கில்ல, பதிவேட்டுல என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க. நம்பர கொண்டு போய் பிரதிய எடுத்துட்டு இங்க வந்து சொல்லுங்க.