தஞ்சாவூருக்குப் போய்விட்ட கங்கைகொண்ட சோழபுரம்

அத்தான் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தபோது அவருடைய கேமராவை எடுத்துக்கொண்டு கோயில்களுக்குப் புறப்பட்டோம். விடிந்ததும் கங்கைகொண்ட சோழபுரம், வெயில் ஏறிய பிறகு தஞ்சாவூர். வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் ஏற்றினால், புகைப்படத் தொகுப்பு மென்பொருள் அத்தனை படங்களுக்கும் தஞ்சாவூர் என்றே பெயரிட்டு வைத்திருந்தது.

எப்படி நடந்தது என்று துருவிப் பார்த்தேன். கேமராவில் ஜிபிஎஸ் இல்லை. ஆகவே மென்பொருள் படத்தின் நேரத்தைப் படித்து, அந்நேரத்தில் என் கைப்பேசி எந்த ஊரில் இருந்ததோ அந்த ஊரையே படத்துக்கும் ஒட்டிவிடுகிறது. கேமரா கடிகாரமோ சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது; நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. காலை ஏழரைக்கு எடுத்த படம் பத்து மணிப் படமாயிற்று. பத்து மணிக்குக் கைப்பேசி தஞ்சாவூரில்தான் இருந்தது. நேரம் தவறியது, ஊரும் கூடவே தவறியது.

இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை. தஞ்சைக் கோயிலின் விமானம், அதாவது கருவறைமேல் எழும் கோபுரம், நிமிர்ந்து நேராக ஏறுவது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் எழுப்பியது மேலே போகப் போக உள்வாங்கி வளைவது. அந்த வளைவைக் காட்டத்தான் பிள்ளைகளை அழைத்துப் போனேன். அந்தப் படத்தின் கீழேயே தஞ்சாவூர் என்றிருந்தால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? படக் கோப்பில் பதிந்திருக்கும் விவரங்களைத் திருத்தும் எக்சிஃப்டூல் என்ற மென்பொருளைக் கொண்டு கேமரா படங்களின் நேரத்தை மட்டும் இரண்டரை மணி குறைத்து, பழைய பதிவுகளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். ஊர் சரியாக வந்தது.

* * *

ரொறன்ரோவில் வாழும் எனக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது; அது மனத்தைச் சுட்டது. அம்மா, அப்பாவின் கலியாணப் படத்தை இங்கே வீட்டில் ஸ்கேன் செய்தேன். 1974இல் யாழ்ப்பாணத்தில் எடுத்த படம். மென்பொருள் ஸ்கேன் செய்த நாளையே படம் எடுத்த நாளாகக் கொண்டது. அன்று என் கைத்தொலைபேசி வீட்டில் இருந்ததால் இடமும் ரொறன்ரோ ஆயிற்று. வாழைமரம் கட்டிய பந்தலுக்குக் கீழே கனடாவின் ஜனவரி மாதம்! படத்தின் பின்புறம் அப்பாவே ஊரையும் தேதியையும் மையால் எழுதி வைத்திருக்கிறார். அதை அப்படியே தட்டச்சு செய்து சேர்த்தேன். ஊகித்த இடத்தை ஊகம் என்று தனியாகக் குறித்துக் காட்டாத மென்பொருளில் இனி பழைய படங்களை ஏற்றமாட்டேன்.

* * *

கல்யாண வீடியோ எடுப்பவன் நான்; வீடியோவிலும் இதே நேரக் குழப்பம் உண்டு. எம்பி4 என்ற வீடியோ கோப்பில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் (யுடிசி; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்தியது) எழுத வேண்டும் என்பது விதி. பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே அங்கே எழுதிவிடுகின்றன. மென்பொருள் அதன்மேல் ஐந்தரை மணியைக் கூட்டுகிறது. ஆறு மணி முகூர்த்தம் பதினொன்றரைக்குப் போய், தாலி கட்டும் காட்சி பந்திக்குப் பின்னால் நிற்கிறது.

புகைப்படங்களுக்கு 2016இல் வந்த எக்சிஃப் 2.31 (படக் கோப்பில் நேரம் முதலிய விவரங்களைப் பதியும் தரநிலை) நேர மண்டலத்தையும் பதிய இடம் கொடுத்திருக்கிறது. பழைய கேமராக்களில் அது கிடையாது. நாங்கள் வேலை தொடங்கும்போது ஒவ்வொரு கேமராவிலும் கைப்பேசிக் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துவிடுகிறோம். எந்தக் கேமரா எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.